முட்டைக்கோழிக்குப் பனிக்காலமும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் முட்டைக்கோழிகளைக் கோடையில் காப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கூரைமேல் தண்ணீர் தெளிப்பது, வெயில் ஏறுமுன் தீவனம் வைப்பது எல்லாம் நன்றாகச் சொல்லியிருந்தார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதனால்தான் வெயிலில் முட்டை ஓடு மெலிகிறது என்ற பகுதியை என் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் நான் கோழி வளர்ப்பது கொடைக்கானல் மலைமேல் இருக்கும் பூம்பாறையில். சித்திரையிலும் விடிகாலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்குப் போகிறேன். எங்கள் கஷ்டம் ஐப்பசியில் பிடித்தால் மாசியில்தான் விடும். அதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துப் பார்த்து, நானே எழுதுகிறேன்.

பூண்டுக் காட்டுக்கு எரு வேண்டும் என்றுதான் முதலில் கோழி வாங்கினோம். இப்போது 240 முட்டைக்கோழிகள், தரையில் உமி பரப்பி ஆழ்கூள முறையில். வாங்குமுன் கீழே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் பாடம் கேட்டேன். பகல் வெளிச்சமும் பல்பும் சேர்ந்து 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் தீவனம் என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, "சுத்திப் படுதா கட்டிக்கங்க" என்றார்கள்.

கட்டினேன். முதல் பனிக்காலத்திலேயே நான்கு பக்கமும் தார்ப்பாய், அதன்மேல் சாக்கு. மார்கழி விடியலில் கொட்டகைக்குள் வெப்பமானி 8 காட்டியது. பிள்ளைகளுக்குப் போர்த்துவதுபோல் போர்த்திவிட்ட நிம்மதியில் இருந்தேன். இரண்டு வாரத்தில் கோழிகளின் கண்ணில் நீர் வடிந்தது. சில கோழிகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நின்றன. சளி என்று நினைத்துத் தீவனக் கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் தண்ணீரில் கலந்தேன், இன்னும் இறுக்கிக் கட்டினேன். நாளைக்கு ஏழு அட்டை வந்த முட்டை நான்கு அட்டைக்கு இறங்கியது. இருபது கோழிகள் செத்தன.

அரசு கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். கோழியைப் பிடித்துப் பார்க்குமுன் தரையில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, கோழி நிக்கிற உயரத்துல உக்காந்து மூச்சு விட்டுப் பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். கண் எரிந்து, நெஞ்சு அடைத்தது. ஈரக் கூளத்தில் எச்சம் மக்கி எழும் அம்மோனியா அது. நின்றபடி முட்டை பொறுக்கும் எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அவை இரவும் பகலும் அதிலேயே கிடந்திருக்கின்றன. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அன்றே மேலே ஒன்றரை அடிக்குச் சாக்கை அவிழ்த்துவிட்டோம். காற்று மேலே போய் வரட்டும், கோழிமேல் நேராக அடிக்காமல் இருந்தால் போதும் என்றார். தண்ணீர்க் கிண்ணங்களைச் சுற்றி நனைந்திருந்த உமியை வாரிப் பூண்டுக் காட்டில் கொட்டினோம். தினமும் கூளத்தைக் கிளறத் தொடங்கினேன். படுதா கட்டியதில் வெளிச்சமும் போயிருந்தது. மேகம் இறங்கும் நாட்களில் இங்கே நண்பகலே மங்கல்தான், அதையும் மறைத்திருக்கிறேன். முட்டையிடும் காலத்தில் வெளிச்ச நேரம் திடீரென்று குறைந்தால் கோழி முட்டையை நிறுத்தி இறகு உதிர்க்கத் தொடங்கிவிடும். மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எங்களுக்கு மூன்று நாள் மின்சாரம் இருக்காது. இப்போது பேட்டரி விளக்கு வைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் தீவனக் கணக்கு எனக்குப் புரிந்தது. என் கோழிகள் பனிக்காலத்தில் 110 கிராமோடு நிற்பதில்லை, 129 வரை தின்கின்றன. உடம்பு சூடாக இருக்க அவற்றுக்கு எரிபொருள் வேண்டும். கீழேயிருந்து வரும் மூட்டையில் நூற்றுக்கு 17 பங்கு புரதம். அப்படியென்றால் ஒரு கோழிக்குள் நாளைக்கு மூன்று கிராம் புரதம் கூடுதலாகப் போகிறது, 240 கோழிக்கு முக்கால் கிலோ. அத்தனையும் முட்டையாவதில்லை. மிஞ்சுவது எச்சத்தில் போய் அதே அம்மோனியாவாக எழும்புகிறது. புரதத்துக்கென்று தீவனத்தில் சேர்க்கும், காசு கொடுத்து வாங்கிய சோயாப் புண்ணாக்கு கோழியின் கண்ணை எரிக்கிறது! மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, எட்டுக் கிலோ தீவனத்துக்கு, புரதம் குறைந்த, உடம்புக்குச் சூடு தரும் உடைத்த மக்காச்சோளம் ஒரு கிலோவும், முட்டை ஓட்டுக்காகக் கொஞ்சம் கிளிஞ்சலும் கலந்தேன். வாடை குறைந்தது. தை முடிவதற்குள் முட்டை மீண்டும் ஆறு அட்டைக்கு ஏறியது.

ஆனால் படுதாவை அவிழ்த்ததும் மக்காச்சோளம் கலந்ததும் ஒரே வாரத்தில். எது எவ்வளவு பலன் தந்தது என்பதை என் நோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொட்டகை, ஒரே வயதுக் கோழிகள், ஒன்றில் கீழ்நாட்டுத் தீவனம், இன்னொன்றில் மாற்றிய தீவனம் என்று ஐப்பசி முதல் மாசி வரை எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். என்னைப் போன்றவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வளர்க்கும் கோழியை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் வந்தது. பண்ணைகள் அங்கே, ஆராய்ச்சியும் அங்கே, அங்கே வெயில்தான் பிரச்சினை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செம்மறிக்கும் முயலுக்கும் எங்கள் பக்கத்து மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டுக்கு மலை வேறு என்று ஒத்துக்கொண்டவர்கள் கோழிக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகமும் கால்நடைத் துறையும் சேர்ந்து எங்கள் பழனி மலைத்தொடரில் ஓரிடம், நீலகிரியில் ஓரிடம் என்று இரண்டு பனிக்காலம் சோதித்து, மலைக்கென்று தனியாக ஒரு தீவனக் கலவையும் படுதா முறையும் சொல்லட்டும்.

வெப்பமானி, தீவனம், முட்டை, இறப்பு என நாள்வாரியாக எழுதிய மூன்று வருட நோட்டுகள் என்னிடம் உள்ளன. கேட்டால் தருகிறேன். வரும் ஆவணியில் புதுப் பெட்டைகள் இறங்குகின்றன. கொட்டகையின் நடுவே வலை கட்டிப் பாதியைச் சோதனைக்குத் தரவும் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். ஐப்பசிக்குள் யாராவது வந்தால் போதும்.

இப்படிக்கு,
முட்டைக்கோழி வளர்க்கும் வாசகி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.