டிஸ்சார்ஜ் சீட்டை அவர் கையில் கொடுங்கள்

தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் வணக்கம்.

மூன்று வருடம் முன்பு கட்டட வேலையில் சாரம் சரிந்து என் கணவர் கீழே விழுந்தார். டி4-இல், அதாவது முதுகெலும்பின் மேல்பகுதியில் மார்பு மட்டத்தில், தண்டுவடக் காயம். மார்புக்குக் கீழே உணர்வில்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இடுப்பிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா பார்க்க வேண்டும், அப்புறம் மூத்திரம் போகும் ட்யூப், அது வடிந்து சேரும் பை, மலம் எடுப்பது. இடுப்பில் நான்கு வயது மகளோடு தலையாட்டினேன். பக்கத்திலேயே படுத்திருந்த அவரைப் பார்த்து ஒருவரும் பேசவில்லை.

ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்தேன். எட்டரைக்கு ஸ்கூல் வேன். பாதி நாள் பாப்பா ஜடை பின்னாமலே போனாள்.

ஒரு சாயங்காலம் அவருக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். செய்யக்கூடாதது அதுதான். முதுகெலும்பில் டி6-இலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, வயிற்றுக்குள் இருக்கும் மூத்திரப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் எகிறலாம், பக்கவாதம் வரை போகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து ட்யூப் அடைத்திருக்கிறதா பார்க்க வேண்டுமாம். ட்யூப் மேல் உட்கார்ந்து பாப்பா படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது.

பதினோரு மாதம் கழித்து, சக்கர நாற்காலியில் இருக்கும் இன்னொருவர் வந்து இவருக்குச் சொல்லிக் கொடுத்தார். நான்கைந்து மணிக்கொரு தடவை தானே ட்யூப் போட்டு எடுப்பது, கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பின்புறத்துக்கு ஓய்வு கொடுப்பது, கட்டிலில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் புரள்வது. பத்து நாளில் பழகிவிட்டார்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை உங்களுக்குத் தெரியும். 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். கொத்தனார் கை என்றால் மட்டும் மறந்துவிடுமா?

கழுத்தில் அடிபட்டவர்கள் நிலை வேறு, அவர்களுக்குக் கையும் இயங்காமல் போகலாம், தெரியும். சரி, அங்கே மாமியாருக்கோ கொழுந்தனுக்கோ சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். கை நன்றாக இருப்பவருக்கு, வார்டிலேயே அவருக்கே கற்றுக் கொடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சீட்டை அவர் கையில் கொடுங்கள்.