புள்ளி முன்னால் வரும்

அன்புள்ள மாப்ள,

நலம். உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஒரு பொங்கல் பானை. சிரிக்காதே, பிளைவுட் பானை.

நமக்குத் தமிழ் எடுத்த ஐயா இப்போது ஏற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வையில்லாதவருக்கு வாழ்த்து அட்டை அனுப்பி என்ன பயன்? வாசலில் மாட்டுகிற மாதிரி ஒரு பானை, அதில் பிரெய்லில் 'பொங்கல்' என்று எழுதிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஐந்து ரோடு பக்கம் ஒரு லேசர் கடையில் பானையையும் கரும்பையும் பத்து நிமிடத்தில் வெட்டிவிட்டார்கள். வில்லங்கம் எழுத்தில்தான். லேசருக்குக் குழி தோண்டத்தான் தெரியும். பிரெய்லுக்கு வேண்டியது மேடு. சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டிப் புள்ளியை மட்டும் நிறுத்திப் பார்த்தோம். தடவினால் ஒரே சொரசொரப்பு, விரலெல்லாம் கரி.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் மச்சானின் கொலுசுப் பட்டறைக்குப் போனபோது யோசனை வந்தது. 1.6 மி.மீ. வெள்ளி மணி! 1 மி.மீ. தட்டில் துளை போட்டு, அடியில் 3 மி.மீ. பிளைவுட்டை ஒட்டி, மணியை உள்ளே பதித்தால் தலை அரை மி.மீ.க்குச் சற்று மேலே நிற்கும். விரலுக்கு அது போதும். லேசர் தன் பங்குக்குக் கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்பதால் துளையை 1.4 என்றே வரைந்தேன். புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மி.மீ., மொத்தம் 18 மணி. வீட்டுக்காரிதான் ஊசி முனையில் பசை தொட்டு ஒவ்வொன்றாக வைத்தாள். பத்தொன்பதாவதாக வாங்கியது உருண்டு பீரோவுக்கடியில் போனது, இன்னும் கிடைக்கவில்லை.

பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி, பனிமூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா விரலை ஓட்டினார். நின்றார். மறுபடி ஓட்டினார்.

"பொஙக்ல... இது என்னடா பண்டிகை?"

'பொ' என்றால் ப, ஒ என்று இரண்டு எழுத்து வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் பிரெய்லில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வருமாம். நான் கையால் எழுதுகிற பழக்கத்தில் பின்னால் போட்டிருக்கிறேன். ங-வுக்குப் போட்ட புள்ளி க-வின் தலையில் ஏறிவிட்டது. ல-வின் புள்ளி கடைசியில் அனாதையாக நிற்கிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் வந்த முறையாம் இது, தமிழ் க-வுக்கும் இந்தி க-வுக்கும் அதே இரண்டு புள்ளிதான் என்று அங்கேயே ஒரு பாடம் நடத்திவிட்டார். நோட்டை அவரால் பார்க்க முடியாது என்று எத்தனை பிழையோடு தப்பித்தோம்! "உன் நோட்டு முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

மேல்தட்டை மட்டும் மறுபடி வெட்டக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், நீயும் வா. உன்னையும் விசாரித்தார், வரும்போது உன் பெயரைப் பிரெய்லில் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்