அறிவியல் வகுப்பில் படைப்புக் கொள்கை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பரிணாமக் கொள்கையோடு, உயிரினங்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கையையும் அறிவியல் வகுப்பில் கற்பித்து, எது சரி என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும் என்ற வாதம் நியாயமானதுபோல் தோன்றினாலும், அறிவியல் இயங்கும் விதத்தை அது கணக்கில் கொள்ளவில்லை. மீனினத்திலிருந்து நிலத்தில் நடக்கும் உயிர்கள் தோன்றியிருந்தால், இடைப்பட்ட உயிரின் எச்சம் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் இருக்க வேண்டும் என்று கணித்தே, ஆய்வாளர்கள் கனடாவின் வடதுருவப் பகுதியில் பல ஆண்டுகள் தேடினார்கள். 2004-இல் அப்படிப்பட்ட ஓர் உயிரின் எச்சமே கிடைத்தது; அதன் பெயர் டிக்டாலிக். அதன் செதிளும் துடுப்பும் மீனுக்குரியவை. ஆனால் அந்தத் துடுப்புக்குள் மேற்கை எலும்பு ஒன்று, அதையடுத்து முன்கை எலும்புகள் இரண்டு, பின்பு மணிக்கட்டு போன்ற சிற்றெலும்புகள் என்று நம் கையிலுள்ள அதே வரிசை! இப்படி முன்கூட்டிச் சொல்லித் தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளப் படைப்புக் கொள்கையால் இயலாது. எது கிடைத்தாலும் படைத்தவரின் விருப்பம் என்றே அது சொல்லும்.

பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்பையும் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் செல்லாது என்றது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதுப் பெயரில் வந்த கருத்தும் அறிவியல் அன்று என 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் தீர்ப்பானது.

படைப்புக் கதைகளைச் சமய, பண்பாட்டுப் பாடங்களில் மாணவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். அறிவியல் பாடவேளையை அறிவியலுக்கே விட்டுவிடுமாறு பாடத்திட்டம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்