அலொகேஷனை அரை மணிக்குள் அனுப்பிவிடுங்கள்

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் உட்கார்ந்து ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்த) ஆர்டர் போடும் நிதி மேலாளர்களுக்கும் டிரேடர்களுக்கும்,

சாங்கி பிசினஸ் பார்க்கில், உங்கள் ஆர்டர்களைச் சந்தையில் நிறைவேற்றும் ஒரு புரோக்கரின் பேக் ஆபீஸிலிருந்து, அதாவது டிரேடுகளின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பிரிவிலிருந்து எழுதுகிறேன். நாம் பேசிக்கொள்வதே ஏதாவது தப்பு நடந்த பிறகுதான். ஒன்றும் நடக்காத ஒரு நாளில் இதைச் சொல்லிவிடலாமே என்று தோன்றியது.

காலை பத்து மணிக்கு ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் 200 லாட் (ஒப்பந்தம்) வாங்குகிறீர்கள், நாலைந்து விலைகளில் பத்தே நிமிடத்தில் ஆர்டர் முடிந்துவிடுகிறது, நீங்கள் கோப்பி குடிக்கப் போய்விடுகிறீர்கள். எந்த ஃபண்டுக்கு எத்தனை லாட், எது எந்த கிளியரிங் புரோக்கரிடம் (ஃபண்டின் கணக்கை வைத்து டிரேடைத் தீர்த்துவைப்பவரிடம்) போகவேண்டும் என்று நீங்கள் சொன்னால்தான் எங்களால் கிவ்-அப் செய்ய, அதாவது டிரேடை அவரிடம் ஒப்படைக்க முடியும். அந்தப் பட்டியல், அதாவது அலொகேஷன், வருவது மாலை ஆறரைக்கு, ஒரு எக்ஸல் கோப்பாக. கூட்டிப் பார்த்தால் 198 லாட்தான் இருக்கும்.

அதுவரை அந்த 200 லாட்டும் எங்கள் பெயரில்தான் கிடக்கிறது, மார்ஜினும் (பிணைத்தொகை) நாங்கள்தான் கட்டுகிறோம். நிக்கேயில் ஒரு டிக், அதாவது விலையின் மிகச் சிறிய நகர்வு, 5 புள்ளி, லாட்டுக்கு 2,500 யென், அப்படியானால் சந்தை ஒரே ஒரு டிக் நகர்ந்தாலே உங்கள் ஆர்டரில் 5 லட்சம் யென் ஏறி இறங்குகிறது. உங்கள் பணம், எங்கள் கணக்கில்.

சரி, பட்டியல் வந்து அனுப்பினாலும் கிளியரிங் புரோக்கர் திருப்பி அனுப்புவார். புது ஃபண்டுக்கு கிவ்-அப் ஒப்பந்தமே போடவில்லையாம். அப்புறம் சராசரி விலை. எல்லா ஃபண்டுக்கும் ஒரே விலை வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் எல்லாச் சந்தையும் அதை ஒரே மாதிரி செய்து தருவதில்லை, மிஞ்சும் தசமத்தை நாங்கள்தான் உட்கார்ந்து சரிக்கட்டுகிறோம்.

எங்கள் பக்கம் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. மென்பொருள் பழசு, கணக்குக் குறியீடு ஆளுக்கொன்று, தரகுக் கட்டண பில் மாதக்கணக்கில் இழுக்கும்.

2020 மார்ச்சில் வர்த்தகம் பொங்கியபோது உலகம் முழுக்க கிவ்-அப்கள் தேங்கிப்போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் ஃபியூச்சர்ஸ் துறையின் சங்கமான எஃப்.ஐ.ஏ., நடைமுறைத் தரங்களை வகுக்க டிமிஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கியது, அது மூன்று அரை மணி நேரங்களைப் பரிந்துரைத்தது: ஆர்டர் முடிந்ததும் நீங்கள் அலொகேஷன் தர 30 நிமிடம், நாங்கள் அனுப்ப 30, கிளியரிங் புரோக்கர் ஏற்க 30. சட்டமில்லை, பரிந்துரைதான். அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லை போலிருக்கிறது.

உரிமையாளர் யாரென்று தெரியாத டிரேடுகள் ஒரு கணக்கில் தங்குவது இந்த ஊரில் யாருக்கும் சாதாரணமாகப் படக்கூடாது. 1995இல் இதே ஊரிலிருந்து பேரிங்ஸ் வங்கியை விழுங்கிய 88888 என்ற கணக்கு, ஆரம்பத்தில் தவறான டிரேடுகளை வைக்கும் ஒரு பிழைக் கணக்குதான். வர்த்தகமும் செட்டில்மெண்ட்டும் ஒரே ஆளின் கையில் இருந்ததால் 82.7 கோடி பவுண்டு போனது. உங்கள் தாமதத்தை அதோடு ஒப்பிடவில்லை, ஆனால் இப்படி ஒரு கணக்கு இரவெல்லாம் நிரம்பியே இருந்தால், அதில் நிஜமாகவே ஒரு தப்பு கிடந்தாலும் எங்கள் கண்ணில் படாது.

எக்ஸல் வேண்டாம், மின்னணு முறையில் அனுப்புங்கள். புது ஃபண்டு தொடங்கினால் முதல் ஆர்டருக்கு முன்பே ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள். நாளைக் காலையே தொடங்கலாம், பத்து மணி ஆர்டருக்குப் பத்து நாற்பதுக்குள் பட்டியல் வந்துவிட்டால், கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு ஓடாமல் நானும் வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிடுவேன்.