கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் தீ விபத்தைத் தவிர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நைந்த வயரை மாற்றுங்கள், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் சேர்த்துச் செருகாதீர்கள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் தீப்பிடித்த பிறகு செய்ய வேண்டியதற்கு, ‘உடனே வெளியேறவும்’ என்று ஒரே வரிதான் இருந்தது. தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும்.

தீயை அணைத்த பிறகு டார்ச்சோடு உள்ளே நடந்தால் இதன் அருமை தெரியும். கதவு திறந்து கிடந்த அறையில் ஸ்விட்ச் போர்டு உருகிச் சுவரில் வழிந்திருக்கும். மேல்பாதிச் சுவர் முழுக்கக் கரி. அதை ஒட்டிய அறையின் கதவோ வெளிப்பக்கம் கருகிப் போயிருக்கும். திறந்தால் உள்பக்கத்துப் பெயின்ட் அப்படியே இருக்கும். கட்டில் விரிப்புகூட வெளுப்பு மாறாமல் கிடக்கும். கதவிடுக்கு வழியாக வந்த புகை தரையில் ஒரு கரிக்கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான். சாதாரண மரக்கதவு செய்கிற வேலை இது.

தீ வளரக் காற்று வேண்டும்; திறந்த கதவு அதைக் கொடுக்கிறது, புகையையும் வீடெங்கும் அனுப்புகிறது. சோபா, மெத்தையில் இருக்கும் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயுக்கள் வரும். பலரைக் கொல்வது நெருப்பல்ல, இந்தப் புகைதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ‘நாத்தம் வந்தா முழிச்சுக்க மாட்டேனா’ என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டீர்கள். புகை பட்டதும் அலறும் ஸ்மோக் அலாரம்தான் எழுப்பும். அதைப் படுக்கையறைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

வெளியேறும் வழியில் புகை சூழ்ந்துவிட்டால் அதற்குள் பாய வேண்டாம். கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். கீழ் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, ஜன்னலருகே போய் நின்று, எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். எங்கே தேடுவது என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. (ஓய்வு பெற்றும் ‘எங்களுக்கு’ என்றே வருகிறது!) வெளியே வந்தவர்கள் போனுக்காகவோ பத்திரத்துக்காகவோ திரும்ப உள்ளே போகவே கூடாது.

சமையலறைக்கும் மூடுவதுதான் மருந்து. வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகும். 1 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாக விரியும். எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். அப்புறம் ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது. பார்க்கத்தான் கை போகும், திரும்பப் பற்றிக்கொள்ளும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி தீ விபத்துச் செய்தி வெளியிடும்போது, தீப்பிடித்த காரணத்தோடு, எந்தெந்த அறைக் கதவுகள் சாத்தியிருந்தன என்றும் தங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்