பாரி, அந்த 40 பவுண்டு வில்லை வாங்காதே

அன்புள்ள பாரி,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். விஜயதசமிக்கு நீயும் உன் மகள் யாழினியும் சேர்ந்து வில் எடுக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். அடுத்த வரியிலேயே, “எனக்கு 40 பவுண்டு இழுவிசை உள்ள வில், அவளுக்கு 25, வளர வளரச் சரியாகிவிடும்” என்கிறாய். போனில் சொன்னால் “சரி சரி” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வில் என்ன பள்ளிக்கூட யூனிஃபார்மா, வளர்வாள் என்று பெரிதாக வாங்கி வைக்க? இழுக்க முடியாத வில்லைப் பிடித்த குழந்தைக்குத் தோள் காதுவரை ஏறும், இடுப்பு பின்னால் சாயும், நாணை நிதானமாக விடாமல் பிடுங்கி விடுவாள். ஒரு மாதத்தில் உடம்பு அதையே பழகிக்கொள்ளும். பிறகு திருத்துவது பெரும்பாடு. பத்து வயதில் தோள் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் விசை. அவள் எவ்வளவு இழுப்பாள் என்று அறிய, இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5-ஆல் வகு. 55 அங்குலம் என்றால் 22. இந்தச் சிறிய வில்களில் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு குறையும். ஆக 20 பவுண்டு வில் அவள் கையில் 14 பவுண்டுதான். தொடங்க அதுவே மேல்வரம்பு. முழுதாக இழுத்து, கை நடுங்காமல் பத்து விநாடி நிற்க முடிகிறதா பார். முடியாவிட்டால் இன்னும் இலேசான வில் வேண்டும். கழற்றி மாட்டும் ரிகர்வ் வில்லாக (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) வாங்கினால், அவள் வளரும்போது லிம்ப் இரண்டை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பட்டைகளை, மட்டும் மாற்றினால் போதும்.

உனக்கு 25 பவுண்டு. ரோஷப்படாதே. இழுக்க வேண்டியது முதுகுத் தசை. உனக்கு அது இன்னும் பழகவில்லை. தவிர, உன் வில்லோடு நீயே மல்லுக்கட்டினால் அவளை யார் கவனிப்பது? முதல் சில வாரம் ஒருவர் எய்யும்போது மற்றவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

எந்தக் கண் ஓங்கியது என்று வில் வாங்கும் முன்பே பார்த்துவிடு. இரு கைகளையும் நீட்டிச் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே தெரிகிறதோ, அதுதான் ஓங்கிய கண். இடது கண் என்றால் இடக்கை வில்லே வாங்கு. வலது கையால் எழுதுகிறாள் என்பது பொருட்டல்ல.

அம்பு அவள் இழுப்பதைவிட 2 அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். குட்டையானால் வில்லுக்கு உள்ளே சரிந்து, விடும்போது கையில் பாயும். வில்லின் பிடிக்கு மேலுள்ள மேடையிலேயே அம்பை வைத்து எய்வதானால் பிளாஸ்டிக் இறகு வேண்டாம், விறைப்பாக வில்லில் தட்டி அம்பைத் திருப்பிவிடும். பறவை இறகு மடங்கிக் கடந்துபோகும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் இலேசாக வளைத்துக் காது கொடுத்துக் கேள். ‘கிரீச்’ என்றால் தூக்கிப் போட்டுவிடு. அது உடைந்தால் சிம்பு சிம்பாகக் கையில் ஏறும்.

நாணைப் பிடிக்கும்போது சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் கீழே. அம்பு மேடையை விட்டு விலகி விழுந்துகொண்டே இருந்தால் விரல்கள் அதை நெருக்குகின்றன என்று பொருள். மூன்றையும் அம்புக்குக் கீழே வைக்கச் சொல். இழுத்து முடித்ததும் சுட்டுவிரல் வாயோரத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். (கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. ஏகலைவன் கதையைச் சொன்னால் அவளே உன்னை மடக்குவாள்.)

தொடக்கத்தில் இலக்குப் படம் எதுவும் வேண்டாம். ஐந்து மீட்டரில் வைக்கோல் கட்டு, பின்னால் மண்மேடு. உன் வீட்டுச் சுவர் வேண்டவே வேண்டாம், அம்பு தெறித்துத் திரும்பும். ஒரு சுற்றுக்கு மூன்று அம்பு, நாளைக்கு முப்பது போதும். தோள் உயர ஆரம்பித்தால் இருபதிலேயே நிறுத்து. அம்பைப் பிடுங்கும்போது பின்னால் அவள் நிற்கக் கூடாது, அம்பின் வால் நேரே கண் உயரத்தில் வரும்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசையெல்லாம் லிம்பிலேயே இறங்கி அதைப் பிளந்துவிடும். வீட்டுக்கு வரும் மாமாக்கள் “சும்மா இழுத்துப் பார்க்கிறேன்” என்பார்கள், வில்லைக் கொடுக்காதே. நாணேற்ற ஸ்ட்ரிங்கர் கயிறு வாங்கு, காலுக்கிடையில் வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதே, பசை விட்டுவிடும்.

பிடித்துப்போனால் பிறகு மூங்கில் வில்லுக்கும் போகலாம். நம் நாட்டில் இந்தியன் ரவுண்டு என்று மூங்கில் வில்லுக்கே தனிப் போட்டி இருக்கிறது, 30 மீட்டரும் 50 மீட்டரும். ஒலிம்பிக் வில்வீராங்கனை தீபிகா குமாரி தொடங்கியதும் மூங்கில் வில்லில்தான்.

பணம் கட்டிவிட்டாயா? இல்லையென்றால் நிறுத்தி வை. கட்டியிருந்தால் லிம்பை மட்டும் மாற்றித் தருவார்களா என்று இன்றே கேள். யாழினியின் கைவிரிப்பு அளவையும் ஓங்கிய கண் எது என்பதையும் எழுது. லிம்ப் எடையும் அம்பு நீளமும் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கதிர்