குரோன் நோய்: சிறுகுடலைப் பார்த்து மருந்து தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடலில் நீங்காத அழற்சியையும் புண்களையும் உண்டாக்கும் குரோன் நோய் உள்ளவருக்கு மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை வயிற்றுவலி இருக்கிறதா என்று கேட்டே முடிவு செய்யும் வழக்கம் நம் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் பல இடங்களில் இன்னும் நீடிக்கிறது. என் அண்ணன் மகளுக்கு இந்நோய் இருப்பதால் இதன் விளைவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வலி நின்று, எடையும் குறையாமல் இருந்ததால், நோய் அடங்கிவிட்டது என்று முதலில் பார்த்த மருத்துவர் கூறிவிட்டார். பின்னர் வேறொரு மருத்துவமனையில், மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கவைத்துக் குடலைப் படமெடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோப்பி செய்தபோது சிறுகுடலின் நடுப்பகுதியில் புண்கள் ஆறாமல் இருப்பது தெரிந்து, மருந்தை மாற்றினார்கள்.

இந்நோய் உணவுப் பாதையின் எந்த இடத்தையும் தாக்கக்கூடியது என்றாலும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் காணப்படுகிறது. புண்களும் தொடர்ச்சியாக இராமல், நடுவில் நல்ல குடலை விட்டுவிட்டுத் தோன்றும். வாய்வழி எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடல் வரையும், கொலோனாஸ்கோப்பி பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் கடைசிச் சில அங்குலம் வரையுமே எட்டும். இடையில் உள்ள பல மீட்டர் நீளக் குடலின் உட்சுவரைக் கண்ணால் பார்க்க, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த விழுங்கும் கேமராவே எளிய வழி. ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிற்றில் ஒட்டிய பட்டைகளும் இடுப்புப் பெல்ட்டில் மினுக்கும் பதிவுக் கருவியுமாக என் அண்ணன் மகள் நாள் முழுவதும் நடமாடினாள். மயக்க மருந்தோ மருத்துவமனைக் கட்டிலோ தேவைப்படவில்லை. எட்டு மணி நேரத்தில் அது எடுக்கும் படங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றைப் பொறுமையாகப் பார்க்கும் மருத்துவரின் உழைப்பு, மாத்திரையை விழுங்குபவரின் சிரமத்தைவிடப் பெரிது.

இதற்கு எல்லைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. குரோன் நோயில் குடல் சுருங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். சுருங்கிய இடத்தில் கேமரா சிக்கிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரலாம். ஆகவே ஸ்கேன் எடுத்தோ, சிக்கினாலும் தானே கரைந்துவிடும் சோதனை மாத்திரையை முதலில் கொடுத்தோ வழி திறந்திருப்பதை உறுதி செய்த பின்பே கேமராவைக் கொடுக்க வேண்டும். சிக்கனம் கருதி இந்தப் படியைத் தவிர்ப்பது மன்னிக்க முடியாதது. அது வெளியேறும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கக் கூடாது.

நம் நாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. குடல் காசநோயும் இதே போன்ற புண்களையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். கேமரா படம் எடுக்குமே தவிர, சதைத் துணுக்கு எடுத்துத் தராது. படத்தை மட்டும் நம்பிக் குரோன் என்று தீர்மானித்து நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசியோ தொடங்கினால், உள்ளே இருப்பது காசநோயாக இருக்கும் பட்சத்தில் அது உடலெங்கும் பரவிவிடக்கூடும். எனவே நோயைக் கண்டுபிடிப்பதைவிட, உறுதியான நோய்க்குத் தரும் மருந்து குடலில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்தான் இதன் பயன் பெரிது என்பது என் கருத்து. மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் புரதமான கால்ப்ரொடெக்டின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், மறுபடி யாருக்குக் கேமரா தேவை என்பதும் தெளிவாகும்.

ஒருமுறை பயன்படுத்தியபின் தூக்கி எறிய வேண்டிய கருவி என்பதால் செலவு அதிகம். மீனவர் குப்பத்திலிருந்தும் நெல்லிக்குப்பத்துக் கரும்புக் காட்டிலிருந்தும் வரும் நோயாளி அதைக் கைக்காசு போட்டுச் செய்துகொள்ள இயலாது. ஆகவே குடல்நோய் மருத்துவர் தேவை என்று எழுதிக் கொடுக்கும் குரோன் நோயாளிகளுக்கு, சோதனை மாத்திரையும் கேமராவும் செலவின்றிக் கிடைக்கத் தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகள் வழிசெய்ய வேண்டும். அறிக்கையில் வீக்கத்தையும் புண்ணையும் அளவிடும் லூயிஸ் மதிப்பெண்ணைக் குறித்து, அதன் நகலை நோயாளியிடமே கொடுக்க வேண்டும். 135க்குக் கீழே இருந்தால் குறிப்பிடத்தக்க அழற்சி இல்லை என்றும், 790க்கு மேல் போனால் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான அழற்சி என்றும் கொள்ளப்படும் அந்த எண் கையில் இருந்தால், அடுத்து வேறு ஊர் மருத்துவரிடம் போனாலும் பழைய நிலையோடு ஒப்பிட்டு மருந்தை முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.